எருமையின் இடப்பக்க ஜன்னல்

அளவுக்காரி என்ற பெயரை அவளுக்கு வைத்தவர்கள் ரயில் பட்டறையின் வரைபட அறையில் கூட வேலை பார்த்தவர்கள். முப்பது வருஷம் ஸ்கேலும் பென்சிலுமாக அங்கே உட்கார்ந்திருந்தவள். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. கட்டில் வாங்கப் போனால் கடைக்காரர் முன்னாலேயே கைப்பையிலிருந்து டேப்பை உருவிவிடுவாள். மாப்பிள்ளையையும் இப்படித்தான் அளந்து பார்த்துச் சம்மதித்திருப்பாள் என்று சிநேகிதிகள் கிண்டல் செய்வார்கள். அவளும் விட்டுக்கொடுக்காமல், "அளந்தேன், சரியா இருந்துது, எடுத்துக்கிட்டேன்" என்பாள்.

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. கணினியில் ரயில் ஓட்டிப் பார்ப்பதற்கென்று ஒரு சிமுலேட்டர் இருக்கிறது. அதில் ஓடுகிற எஞ்சின்களைச் சக்கரம் முதல் புகைபோக்கி வரை வீட்டிலிருந்தபடியே உருவாக்கிக் கொடுக்கிற குழு ஒன்றில் சேர்ந்துகொண்டாள். மவுஸ் பிடிக்க ஆறு மாசம் தடுமாறினாள். பிடித்த பிறகு விடவில்லை. மூன்று எஞ்சின்கள் முடிந்து, அடுத்தது என்ன என்ற பேச்சு வந்தபோது குழுவில் ஒருவர் அங்கலாய்த்தார். எல்லோரும் எக்ஸ்பிரஸ் எஞ்சின்களாகவே செய்து தள்ளுகிறோம், யார்டுக்குள்ளேயே நின்று பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கிற நீராவி ஷண்டிங் எஞ்சினை ஒருத்தரும் சீண்டவில்லையே என்றார்.

"நான் செய்கிறேன்" என்று எழுதிவிட்டாள். எந்த எஞ்சின் என்பதையும் அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டாள்.

யார்டில் அதற்கு எருமை என்று பெயர். கன்னங்கரேலென்று இருக்கும். குட்டைக் கால். இரண்டு விலாவிலும் தண்ணீர்த் தொட்டி. அவசரமே படாது. ஆனால் முட்டித் தள்ளினால் முப்பது பெட்டி நகரும். முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன் அவளுடைய அண்ணனைக் கொன்றது அந்த எருமைதான்.

அண்ணன் யார்டில் பெட்டிகளை எஞ்சினோடு இணைக்கிறவர். இணைப்புச் சங்கிலி முறுக்கிக்கொண்டிருந்தால் எஞ்சினை ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு, இடையில் புகுந்து அதை நேராக்குவார். பிறகு வெளியே வந்து பச்சைக் கொடி காட்டுவார். கொடியைப் பார்த்தால்தான் எஞ்சின் அசையலாம். அன்றைக்கு அவர் இடையில் இருக்கும்போதே எஞ்சின் அசைந்தது. மோதலைத் தாங்க எஞ்சினின் முகப்பில் நீட்டியிருக்கிற பஃபருக்கும் பெட்டியின் பஃபருக்கும் நடுவில் மார்பு மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

விசாரணை நடந்தது. முன் ஜன்னல் வழியாகப் பச்சைக் கொடியைப் பார்த்த பிறகுதான் எஞ்சினை எடுத்தேன் என்று டிரைவர் எழுதிக் கொடுத்தார். அதிகாரிகள் எஞ்சினின் வரைபடத்தை மேஜையில் விரித்து வைத்து, அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் ஓர் ஆளின் தூக்கிய கை தெரியும்தான் என்று கோடு போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். கொடி காட்டிவிட்டு மறுபடி உள்ளே புகுந்தது இறந்தவரின் சொந்தக் கவனக்குறைவு என்று தீர்ப்பாயிற்று.

அந்த ஒரு வரி அண்ணியின் வாழ்க்கையைப் புரட்டிப் போட்டது. குவார்ட்டர்ஸை ஒரே மாசத்தில் காலி செய்யச் சொன்னார்கள். கணவன் பணியில் இறந்தால் மனைவிக்குக் கொடுக்கிற வேலையும் அவளுக்கு இல்லை என்றார்கள். இரண்டு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு தையல் மிஷினில் உட்கார்ந்தவள், இன்றைக்கும் அதிலேயே உட்கார்ந்திருக்கிறாள். முன்பெல்லாம் அண்ணி வாயைத் திறந்தால் நாலு வீடு கேட்கும். அப்படிப்பட்டவள் அதன் பிறகு குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை. துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

அளவுக்காரியின் கணவரை அக்கம்பக்கத்தார் இன்னமும் ஃபயர்மேன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எருமையின் அடுப்பில் கரி அள்ளிப் போட்டவர். அண்ணனுக்குச் சிநேகிதர். விபத்து நடந்த நேரத்தில் தான் பின்னால் கரித்தொட்டிக்குள் குனிந்திருந்ததாகவும், எதையும் பார்க்கவில்லை என்றும் விசாரணையில் சொன்னார். அதன் பிறகு அவர்கள் வீட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்கு மருந்து வாங்கி வந்தார். அண்ணன் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தார். இரண்டு வருஷம் கழித்துப் பெண் கேட்டார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் மகன்தான் பிள்ளை மாதிரி வந்துபோய் வளர்ந்தான்.

எருமையைச் செய்யப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, "வேற எஞ்சினே கிடைக்கலையா உனக்கு?" என்று கேட்டார்.

"இதோட டிராயிங்தான் என்கிட்ட முழுசா இருக்கு."

அது பொய்யில்லை. முழு உண்மையுமில்லை. அண்ணனைத் தின்ற அந்த இரும்பை அக்கக்காகப் பிரித்துத் தன் கையால் திரும்பக் கோர்க்க வேண்டும்போல் இருந்தது. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது.

ஏழு மாசம் வேலை நடந்தது. பாய்லர், புகைபோக்கி, ஆறு சக்கரம், அவற்றைப் பிணைக்கிற தண்டுகள். தண்டு மேலும் கீழும் போய்வரும்போது எந்த இடத்தில் மசகெண்ணெய் கசிந்து தூசியோடு படியும் என்பது வரை வரைந்தாள். வரைபடத்தில் கிடைக்காததைக் கணவரிடம் கேட்டாள். அவர் அடுத்த அறையிலிருந்தபடியே பதில் சொல்வார். "அடுப்புக் கதவுல சங்கிலி இடது கைப்பக்கம்." "விசில் கயிறு இல்ல, கைப்பிடி." கேட்டதற்கெல்லாம் பதில் வரும். எழுந்து வந்து திரையைப் பார்க்க மட்டும் மாட்டார். "ஒருதரம் வந்து பாருங்களேன்" என்றால், "கண்ணு கூசுது" என்பார். கண் கூசுகிறவர் பக்கத்து அறையில் நாள் முழுக்க டிவி பார்ப்பார். அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எருமை இன்னும் முழுசாகச் சாகவில்லை என்று அவளுக்குத் தகவல் வந்தது. நகரத்துக்கு வெளியே, பட்டறையின் பின்புறம், உடைத்து விற்பதற்காகத் தள்ளிவிட்ட வரிசையில் நின்றுகொண்டிருந்தது. ஒரு காலை நேரம் டேப்பும் நோட்டுமாகப் போய் இறங்கினாள். காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னம்மா, வாங்கப் போறீங்களா?"

"அளக்கப் போறேன்."

"செத்ததுக்கு அளவெடுத்து என்ன தைக்கப் போறீங்க?" என்று சிரித்துவிட்டு அவரே ஏணியைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டார்.

இடப்பக்கத் தொட்டி வரைபடத்தோடு அச்சாகப் பொருந்தியது. வலப்பக்கத் தொட்டி பொருந்தவில்லை. ஒரு சாண் உயரம் கூடுதல். முன்னாலும் நீண்டிருந்தது. தகடுகளைப் பிணைக்கிற ரிவெட்டு ஆணிகளின் வரிசையே வேறு. வேறு ஏதோ கழித்துப்போட்ட எஞ்சினின் தொட்டியைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார்கள். துருவைச் சுரண்டியபோது, பழுதுபார்த்த தேதி பதித்த சின்னத் தகடு வெளியே வந்தது. அண்ணன் இறப்பதற்குப் பதினாலு மாசத்துக்கு முந்தைய தேதி.

அப்போது அவளுக்கு வந்தது சந்தோஷம்தான். ரிவெட்டை எண்ணிப் பார்த்துக் குற்றம் சொல்கிற ரசிகர்களுக்குக்கூடத் தெரியாத ஒன்று தன் கையில் கிடைத்துவிட்டதென்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"வலப்பக்கத் தொட்டியவே மாத்தியிருக்காங்க, தெரியுமா உங்களுக்கு?"

கணவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொத்தானோடு போராடினார். "எத்தனையோ மாத்துவாங்க" என்றார். வெளியே போய்விட்டார்.

தொட்டியைத் திருத்தி முடிக்க இரண்டு வாரம் ஆயிற்று. அடுத்தது, எஞ்சினுக்குள் ஓட்டுகிறவரின் கண் நிற்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். விளையாடுகிறவர்கள் அந்தக் கண் வழியாகத்தான் பாதையைப் பார்ப்பார்கள். சோதனை ஓட்டத்துக்குப் பழைய யார்டின் பிளானை வைத்து அதே தண்டவாளத்தைப் போட்டாள். இடப்பக்கம் வளைந்து போகிற கிளைப்பாதை. முன்னால் ஒரு வரிசைப் பெட்டி. ஒரு முழம் விட்டு எருமை. இடையில் ஓர் ஆள் உருவம். அண்ணனின் உயரம் ஐந்தடி ஆறங்குலம். அதையும் கொடுத்தாள்.

பகல் பதினொரு மணி இருக்கும். வலப்பக்கத்தில் டிரைவரின் இடத்தில் கண்ணை வைத்து முன் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தொட்டியின் கறுப்பு விளிம்பு ஜன்னலை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு நின்றது. மிச்சத்தில் வானம். ஆளை இடையிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்தினாள், கையைத் தூக்கி வைத்தாள், கையில் கொடியையும் கொடுத்தாள். வானம்தான் தெரிந்தது. பக்க ஜன்னல் வழியாகத் தலையை நீட்ட வைத்தாள். பாதை எதிர்ப்பக்கம், இடது கைப்பக்கமாக, வளைவதால் எஞ்சினின் சொந்த விலாவே கண்ணை மறைத்தது. உட்கார வைத்தாள், நிற்க வைத்தாள், கண்ணை ஒவ்வோர் அங்குலமாக உயர்த்தினாள். அளவில் பிழை இருக்குமென்று இரண்டு தரம் தொட்டியின் அளவுகளைச் சரிபார்த்தாள். பிழை இல்லை.

டிரைவர் எந்தக் கொடியையும் பார்த்திருக்க முடியாது. எஞ்சினில் ஏறிப் பார்க்காமல் பழைய காகிதத்தில் கோடு போட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் எதைப் பார்த்து வண்டியை எடுத்தார்? ஆளை மறுபடி இடையில் நிறுத்திவிட்டு, கண்ணை ஃபயர்மேன் நிற்கிற இடப்பக்கத்துக்கு நகர்த்தினாள். அந்த ஜன்னலில் எல்லாம் தெரிந்தது. வளைவு, பெட்டி, பஃபர், இடையில் நின்ற ஆள், அவனுடைய முழங்கை வரை. அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்துபோய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். அடுத்த அறையில் டிவியில் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவரிடம் அன்றைக்கு எதுவும் கேட்கவில்லை. அளந்து முடிக்காமல் வாயைத் திறப்பது அவள் பழக்கமில்லை.

எருமையை ஓட்டிய டிரைவர் இன்னும் உயிரோடு இருந்தார். சர்க்கரை நோயில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். மகள் வீட்டில், மாடி பால்கனி நாற்காலியில் அவருக்குப் பொழுது போனது. அளவுக்காரி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"ஃபயர்மேன் சம்சாரமா? வாம்மா, உக்காரு."

அவர் மடியில் திரையை வைத்தாள். வெகுநேரம் பார்த்தார். நீராவியைத் திறந்து வண்டியை எடுக்கிற ரெகுலேட்டர் கைப்பிடியைத் தொடுகிறவர்போல விரலைத் திரையில் வைத்தார்.

"அந்தத் தொட்டியக்கூட விடலியே நீ" என்றார்.

"ஐயா, இந்த ஜன்னல்ல உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

"வானம்."

"அப்ப கொடி?"

மகள் டீ கொண்டுவந்து வைத்தாள். அவள் உள்ளே போகிறவரை காத்திருந்தார்.

"நான் எங்கம்மா கொடியப் பாத்தேன்? தொட்டி மாத்தினதுலேர்ந்து அந்த வளைவுல எனக்குக் கண்ணே உன் வீட்டுக்காரன்தான். 'போலாமா'ன்னு கேப்பேன். எட்டிப் பாத்துட்டு 'போலாம்'பான். அன்னிக்கும் 'போலாம்'னான். போனேன்."

"விசாரணையில ஏன் அப்படி எழுதிக் குடுத்தீங்க?"

"நான் எங்க எழுதினேன்? எழுதி எடுத்துட்டு வந்தாங்க. தொட்டியப் பத்தி மூச்சு விடாதே, செத்தவன் வரப்போறதில்ல, இருக்கறவங்க பொழைக்கணும்னு ஒரு அதிகாரி தனியாக் கூப்பிட்டுச் சொன்னாரு. எனக்கு அப்ப மூணு பொண்ணு. கையெழுத்துப் போட்டேன்." டீயைத் தொடவில்லை. "உங்க அண்ணி முகத்துல முழிக்கக்கூடாதுன்னு மாத்தல் வாங்கிட்டு ஓடிட்டேன். உன் வீட்டுக்காரன் நேர்மாறு. நேரா அங்கேயே போய் உக்காந்துட்டான். எப்படித்தான் உக்காந்தானோ."

அவள் வீடு திரும்பியபோது கணவர் பின்பக்கக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவள் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, "இங்க வாங்க" என்றாள். அந்தக் குரலுக்கு அவர் கண் கூசுகிறதென்று சொல்லவில்லை. பிழிந்த சட்டை கையில் இருக்க, வந்து நின்றார்.

"இது உங்க ஜன்னல்."

அவர் பார்த்தார். ஏழு மாசத்தில் முதல் தடவையாகப் பார்த்தார். சட்டையிலிருந்து தண்ணீர் அவர் காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

"டிரைவர்கிட்ட போயிட்டு வரேன். போலாம்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

"ஆமா."

"அண்ணன் உள்ள நின்னது தெரியலையா?"

"பாக்கல."

"பாக்காம எப்படிச் சொன்னீங்க?"

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு நாப்பது தடவ போலாம்னு சொல்லியிருப்பேன். முப்பத்தொம்பது தடவ பாத்துட்டுச் சொன்னேன். ஒரு தடவ... கரி அள்ளிட்டிருந்தேன். அவர் கேட்டாரு. வாய்ல வந்துடுச்சு."

அவ்வளவுதான். பகையோ போதையோ எதுவும் இல்லை. அப்படி ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்குமே என்று அவளுக்குத் தோன்றியது.

"என்னைக் கட்டிக்கிட்டது அதுக்குத்தானா? ஈடு கட்டவா?"

"வீட்டுக்கு வந்தது அதுக்குத்தான். சொல்லிடணும்னுதான் வந்தேன், ஒவ்வொரு நாளும். வந்து வந்து உன்னைப் புடிச்சுப்போச்சு. அப்புறம் சொல்ல முடியல." ஈரச் சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு, "ரெண்டும் நிஜம்" என்றார்.

அவள் மடிக்கணினியை மூடினாள். "அண்ணிகிட்ட சொல்லணும். நான் சொன்னா அது கோள் மூட்டற மாதிரி. நீங்க சொல்லணும்."

மறுநாள் காலை இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். ஒரே சீட்டில் உட்கார்ந்தும் நடுவில் இன்னோர் ஆள் உட்காரலாம்போல இடம் விட்டிருந்தார்கள்.

அண்ணி கழுத்தில் அளவு நாடாவோடு கதவைத் திறந்தாள். "ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க? உக்காருங்க தம்பி, கழுத்துப் பட்டிய முடிச்சுட்டு வந்துடறேன்" என்று மிஷினில் உட்கார்ந்தாள். அவர் உட்காரவில்லை. மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொல்லத் தொடங்கினார். பாதியில் மிஷின் நின்றது. டிரைவர் சொன்னதையும் தொட்டியையும் பின்னால் தள்ளி, தான் பார்க்காமல் சொன்னதைத்தான் முதலில் சொன்னார். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தார்.

அண்ணி ஊசிக்கு அடியில் இருந்த துணியை எடுக்காமலே கேட்டாள். "அப்ப அவரு கொடி காட்டல?"

"காட்டல அக்கா."

"கவனமில்லாம உள்ள போகல?"

"இல்ல. அவர் வேலைய அவர் சரியாத்தான் செஞ்சாரு."

"பச்சைக் கொடியச் சுருட்டி நாடா கட்டினபடியேதான் என்கிட்ட குடுத்தாங்க" என்றாள் அண்ணி. "காட்டின கொடிய எப்பய்யா சுருட்டினாருன்னு நான் கேட்டேன். பொம்பளைக்கு என்ன தெரியும்னுட்டாங்க. சரி, அவங்கதான் படிச்சவங்கன்னு விட்டுட்டேன்."

பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்னிக்குக் காலையில அவரைக் கத்திட்டேன். ஒண்ணுமில்லாத விஷயம், பால் பாத்திரத்தக் கவுத்துட்டாரு. வாய்க்கு வந்தபடி பேசினேன். சாப்பிடாமப் போயிட்டாரு. அந்த நெனப்போடதான் போய் நின்னிருக்காரு, கவனம் தப்பிடுச்சு, என் வாய்தான் அவரைக் கொன்னுதுன்னு..." அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "முப்பத்து மூணு வருஷம் நான் சத்தம் போட்டுப் பேசலடி."

அளவுக்காரி போய் அவளைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி அழவில்லை. உடம்பு மட்டும் மிஷின் ஓடுகிற மேஜை மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது.

"அக்கா, நான்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"என் பிள்ளையத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சீங்களே தம்பி" என்றாள் அண்ணி. சாதாரணக் குரலில்தான் சொன்னாள். "போயிடுங்க. இன்னும் கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா நான் கத்திடுவேன். கத்த ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது."

அவர் தனியாகப் பஸ் ஏறினார். அளவுக்காரி அங்கேயே தங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் அவரே கைப்பட நாலு பக்கம் எழுதி, டிரைவரிடம் போய் அவருடைய கையெழுத்தையும் வாங்கி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். தொட்டியின் அளவுகளையும், இரண்டு ஜன்னல்களிலிருந்து தெரிகிற காட்சிகளின் படங்களையும் அளவுக்காரி அதனோடு இணைத்தாள். பத்து வாரம் கழித்துப் பதில் வந்தது. அத்தனை பழைய விசாரணைக் கோப்புகள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன, எனவே திருத்துவதற்கு ஆவணம் எதுவும் இல்லை என்று ஒரே பத்தியில் முடித்திருந்தார்கள். வருத்தம் தெரிவிக்கக்கூட இல்லை. இரண்டு மாசம் போனதும் எருமையைத் துண்டு துண்டாக வெட்டி லாரியில் ஏற்றிவிட்டதாகக் காவலாளி போன் செய்து சொன்னார்.

அண்ணன் மகனிடம் விஷயத்தை அண்ணியே சொன்னாள். அவன் வெளியூரில் வேலையில் இருந்தான். எல்லாவற்றையும் போனில் கேட்டுக்கொண்டான். பிறகு, "அப்பா மேல தப்பில்லை, இல்லம்மா?" என்று மட்டும் கேட்டான். மாமாவைப் பற்றிக் கேட்கவில்லை. அதன் பிறகு லீவுக்கு வந்தால் மாமா வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திவிட்டான்.

மாடலைக் குழுவிடம் கொடுத்தாள். கொடுக்காமல் இருப்பதால் யாருக்கு என்ன லாபம்? புகழ்ந்து நிறையப் பேர் எழுதினார்கள். அவற்றில் எதையும் அவள் திறந்து படிக்கவில்லை.

நாலு மாசம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பினாள். மன்னித்து ஒன்றும் போகவில்லை. அண்ணியின் ஒற்றை அறையில் இரண்டு மிஷினும் தைக்க வந்த துணிமூட்டைகளும் போக அவளுக்குப் படுக்க இடமில்லை. அண்ணியே, "போடி, போய் உன் வீட்டுல இரு, இங்க வந்து வந்து போ" என்று அனுப்பினாள். கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

கணவர் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். அதிகமாக இளைத்திருந்தார். வீட்டைச் சுத்தமாக வைத்திருந்தார். கணினி மேஜையை மட்டும் துடைக்கவே இல்லை, தூசி படிந்து கிடந்தது. அவள் தன் படுக்கையை அந்த அறைக்கு மாற்றிக்கொண்டாள். இப்போதும் இரண்டு பேரும் ஒரே அடுப்பில்தான் சமைக்கிறார்கள், வேறு வேறு நேரத்தில். பேச வேண்டியதைப் பேசுகிறார்கள்.

"கேஸ் வந்துதா?"

"வந்துது."

"கையெழுத்து கேட்டானா?"

"போட்டுட்டேன்."

அவள் தலையை ஆட்டிவிட்டுத் தன் தட்டைக் கழுவப் போவாள்.